ஓடினால்தான் வண்டி

"கேரவன்" என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில் நிற்கும் நடிகரின் குளிரூட்டப்பட்ட வண்டி. "ட்ரெய்லர்" என்றால் திரைப்பட முன்னோட்டம். நெடுஞ்சாலையை நம்பிப் பிழைப்பவருக்குச் சரக்கேற்றும் நீள வண்டி. காரின் பின்னால் கொக்கியிட்டு இழுத்துச் செல்லப்படும், படுக்கையும் அடுப்பும் கொண்ட, எஞ்சின் இல்லாத சிறு வீடு நம் அன்றாடத்தில் இல்லை. பிரித்தானியர் கேரவன் என்றும், வட அமெரிக்கர் பயண ட்ரெய்லர் என்றும் வழங்குவது அதனைத்தான். பொருள் வராமல் சொல் மட்டும் வந்ததால், அது இங்கே வேறு வேலை தேடிக்கொண்டது.

நம்மிடம் இல்லாத அந்தப் பொருளை முன்வைத்து ஒரு கேள்வியை எழுப்பலாம். உற்பத்தி நின்றுபோன, ஆண்டுதோறும் எண்ணிக்கை குறைந்துவரும் ஒரு ட்ரெய்லரை உடைமையாகக் கொண்டவர் அதை நெடும்பயணங்களுக்கு இழுத்துச் செல்லலாமா? அல்லது அரியதாகிவிட்டது என்பதற்காகவே கொட்டகையில் வைத்துப் பூட்ட வேண்டுமா? பழம்பொருள் ஆர்வலரின் பொழுதுபோக்குச் சிக்கல்போல இது தோன்றும். உண்மையில், "காத்தல் என்றால் என்ன?" என்ற பழைய கேள்வியே இங்கு சக்கரம் கட்டிக்கொண்டு வருகிறது.

கனடாவின் போலர் இதற்குத் தக்க சான்று. மனிடோபா மாகாணத்தின் வின்னிப்பெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் 1968இல் இதை உருவாக்கினார். கண்ணாடியிழையால் கழிவுநீர்த் தொட்டி செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. எடை குறைந்த, நீர் புகாத, துருப்பிடிக்காத தொட்டியைச் செய்ய முடியுமானால் மனிதர் படுத்துறங்கும் கூட்டையும் அவ்வாறே செய்யலாம் என்பதே அவருடைய எண்ணம். மேற்பாதி ஒன்று, கீழ்ப்பாதி ஒன்று என இரு வார்ப்புகள். இடுப்புப் பட்டைபோல நடுவே ஒரே இணைப்பு. பௌலர் தொப்பியை ஒத்த வடிவத்தால் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. 13 அடி நீளமும் ஏறத்தாழ 450 கிலோ எடையும் கொண்ட இவ்வண்டியைச் சிறிய காரே இழுக்கும். 1988இல் உற்பத்தி நின்றது. அதுவரை வெளிவந்தவை ஏறத்தாழ 10,000. மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்திய அக்காலத்து வண்டிகள் பல, தகட்டு இணைப்புகளில் நீர் கசிந்து உள்ளிருந்தே உளுத்துப்போயின. போலரின் கூட்டிலோ உளுப்பதற்கு மரமும் இல்லை, கசிவதற்குக் கூரை இணைப்பும் இல்லை. அரை நூற்றாண்டு கடந்தும் அவை சாலையில் தென்படுவதற்கு முதற்காரணம் இதுவே.

ஆனால் கூடு மட்டுமே வண்டி ஆகாது. கூட்டுக்குக் கீழே எஃகுச் சட்டம் இருக்கிறது. இழுகோலை நோக்கி அது வளையும் இடத்தில் விரிசல் காண்பது இவ்வண்டிகளின் அறியப்பட்ட நோய். அச்சு இருக்கிறது, வில் தகடுகளுக்குப் பதிலாக, குழாயினுள் அழுத்திப் பொருத்திய ரப்பர்த் தண்டுகளே அதிர்வைத் தாங்குகின்றன. அந்த ரப்பர் பல பத்தாண்டுகளில் இறுகி மீளும் திறனை இழக்கும். சக்கரத்தைத் தாங்கும் கை மேல்நோக்கித் திரும்பி, வண்டி தாழ்ந்து உட்கார்ந்துவிடும். கூட்டையும் உள் அலமாரிகளையும் பிணைக்கும் ரிவெட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ரிவெட்டும் மழைக்கு ஒரு சிறு வாசல். தரையில் ஒட்டுப்பலகை இருக்கிறது. கூரை நீரைத் தடுத்தாலும் சாளர ஓரத்தில் இறங்கும் துளி அதைத் தேடிச் சேர்ந்துவிடும்.

இங்குதான் கொட்டகை வாதம் தளர்கிறது. நிறுத்திவைத்தால் தேய்மானம் இல்லை என்று கருதுவது இயல்பு. தேய்மானம் இல்லைதான், சிதைவு இருக்கிறது. டயரின் மேற்பள்ளங்கள் புதிதுபோலவே இருக்கும். ரப்பர் மட்டும் முதுமையடைந்துகொண்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்த குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களே அதன் உண்மை வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஓடும் டயர் வளைந்து நிமிர்வதால் ரப்பரில் கலந்துள்ள காப்பு மெழுகு மேற்பரப்புக்கு வருகிறது. நிற்கும் டயரில் அது நிகழ்வதில்லை. சக்கர பேரிங்குகளில் கிரீஸ் வழிந்து இறங்க, வெறுமையான உலோகத்தில் ஈரம் படிந்து துரு பூக்கிறது. அச்சிலுள்ள ரப்பரோ நின்ற நிலையிலும் முழு எடையைத் தாங்கியே தீர வேண்டும். எலிகள் மின்கம்பியைக் கடிக்கின்றன. எல்லாவற்றிலும் கொடியது, இவை யாவும் யார் கண்ணிலும் படாமல் நிகழ்வது. பயணம் புறப்படுபவர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பார், கொக்கியைச் சோதிப்பார், விளக்குகளை எரியவிடுவார், எரிவாயு இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று நோக்குவார். பூட்டிவைத்தவருக்கு இவற்றைச் செய்யும் கட்டாயம் இல்லை. சோதனையின் ஒழுங்கைக் கொடுப்பது பயணமே.

கொட்டகைக்கு மாற்றாக இன்னொரு விதியும் இவ்வண்டிகளுக்கு வாய்க்கிறது. அது மேலும் கவலைக்குரியது. விலை ஏற ஏற, போலர்கள் நிழற்படத்திற்கான அலங்காரப் பொருள்களாகின்றன. பழைய அலமாரிகளைப் பெயர்த்தெறிந்து, உள்ளே வெள்ளையடித்து, மெத்தை விரித்து, அழகாகப் படமெடுத்து விற்பது ஒரு வணிகமாகிவிட்டது. பெயர்த்தெறிந்தவற்றுள் ஒன்று உடையலமாரி. அது உடை மாட்டுவதற்கு மட்டும் வைத்ததன்று. கூரையைத் தாங்கும் தூணும் அதுவே. அதை அகற்றி மாற்றுத் தாங்கல் கொடாவிடில் மெல்லிய கூரை மெல்லத் தொய்யும். கூட்டின் வளைவு மாறும். அவ்வளைவுக்கென்றே வார்த்த கதவு பின்னர் நிலையில் பொருந்தாது. மொழியியல் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. பொருளற்ற ஒட்டு என்று வெளியாள் ஒதுக்கும் ஓர் உருபே வாக்கியத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

சாலையில் ஓட்டுவோர் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. அதிர்வு ரிவெட்டுகளைத் தளர்த்தும்; சரளைக்கல் மேற்பூச்சைச் சிதறடிக்கும்; ஒரு விபத்து ஒரு வண்டியை முற்றாக இல்லாமல் ஆக்கும். போன வண்டிக்கு ஈடாக இன்னொன்றைத் தரத் தொழிற்சாலை இல்லை. "அரிதானதைப் பணயம் வைக்கலாமா?" என்ற கேள்வி நேர்மையானது. அதற்கு நேர்மையான விடை, எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்ற வரையறைதான்.

பாதுகாப்பைத் தாங்கும் உறுப்புகளில் பழமைப் பற்றுக்கு இடமே இல்லை. அச்சு, டயர், பேரிங், இழுகோல் இணைப்பு, விளக்குக் கம்பிகள், எரிவாயுக் குழாய் ஆகியவற்றை "அசல்" என்ற காரணத்துக்காக வைத்திருப்பது பின்னால் வரும் வண்டியில் இருப்பவருக்குச் செய்யும் தீங்கு. பேரிங்குகளைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் இடுவது ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது ஏறத்தாழ 19,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. மேற்குக் கடலோரத்திலிருந்து கிழக்குக் கடலோரம்வரை 7,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கனடாவின் குறுக்கு நெடுஞ்சாலையில் ஒருமுறை போய்த் திரும்பினாலே அந்த அளவில் பெரும்பகுதி கழிந்துவிடும். உள்ளே பொருள்களை அடுக்குவதும் பராமரிப்பின் பகுதியே. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இழுகோலின்மேல் அமர வேண்டும். பின்புறம் கனத்தால், வேகம் கூடும்போது வண்டி வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் இழுக்கும் காரையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

கூடு, கதவு, சாளரம், உள்ளமைப்பு ஆகியன வேறு வகை. இவற்றில் குறைந்த அளவே கைவைக்க வேண்டும். கைவைத்தாலும் பின்னர் வருபவர் திருத்திக்கொள்ளும்படி வைக்க வேண்டும். சாளர ஓரத்தில் சிலிகான் பூசுவது எளிது. ஆயினும் அது விட்டுச்செல்லும் படலத்தின்மேல் பிறகு எந்தப் பசையும் ஒட்டாது. பியூட்டைல் நாடாவை எத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் உரித்தெடுத்துப் புதிதாக இடலாம். இன்றைய கசிவை அடைப்பவர் நாளைய உரிமையாளரையும் நினைத்தாரா என்பது இந்தச் சிறு தேர்விலேயே தெரிந்துவிடும். கண்ணாடியிழை இவ்வகையில் கருணை உள்ள பொருள்: விரிசலைத் தேய்த்து, இழைத்துணி வைத்து, பிசின் பூசிப் பொறுமையுள்ள எவரும் சீர்செய்யலாம்.

இந்த அறிவெல்லாம் எங்கே இருக்கிறது? உற்பத்தியாளர் இல்லாத பொருளுக்குப் பணிமனையும் இல்லை, பயிற்சி பெற்ற பணியாளரும் இல்லை. எந்தச் சாளர ரப்பர் பொருந்தும், சட்டத்தின் எந்த இடத்தில் விரிசலைத் தேட வேண்டும், எந்த ரிவெட்டை முதலில் ஐயுற வேண்டும் என்பனவற்றை உரிமையாளர்களே ஒருவருக்கொருவர் சொல்லிச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். போலரின் வழியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிளைத்த ஸ்காம்ப் இன்றும் உற்பத்தியில் உள்ளது. அதன் உறுப்புகள் பல போலருக்கும் பொருந்தும் என்பதைக் கண்டறிந்தவர்களும் அவர்களே. வழக்கிழந்த சொல்லின் பொருளை உறவுமொழியில் தேடும் முறைதான் இது. ஓட்டுபவருக்கே ஐயம் எழுகிறது. ஐயம் எழுந்தவரே கேட்கிறார். கேட்பவர் இருந்தால்தான் சொல்பவரின் அறிவு உயிரோடிருக்கும். எல்லா வண்டிகளையும் பூட்டிவைத்துவிட்டால் பொருள் எஞ்சும். அதைப் பேணத் தெரிந்தவர் எஞ்சமாட்டார்.

ஆகவே அரிய வண்டி ஒன்றை உடைமையாகக் கொள்பவர்மேல் மூன்று கடமைகள் விழுகின்றன: ஓட்டுவது, ஓட்டத்தகும் நிலையில் வைப்பது, செய்ததை எழுதிவைப்பது. மூன்றாவதுதான் பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. எந்த ஆண்டில் அச்சு மாற்றப்பட்டது, எந்த ரிவெட் எதனால் அடைக்கப்பட்டது, எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்ற ஒரு குறிப்பேடு வண்டியோடு கைமாறினால், அடுத்தவர் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எண்ணெய்க் கறை படிந்த அந்தக் குறிப்பேட்டை ஆவணம் என்று மதிக்கக் கல்வியுலகம் இன்னும் பழகவில்லை. அரும்பொருளின் வடிவத்தைப் பட்டியலிடுவதில் காட்டும் அக்கறையை, அதை இயக்கி வைத்திருக்கும் கைகளின் அறிவைப் பதிவதில் அது காட்டுவதில்லை. பேச்சாளர்களை விட்டுவிட்டு அகராதியை மட்டும் காப்பாற்றிய மொழிகளின் கதையை அறிந்த துறைகளாவது இந்தப் பிழையை மீண்டும் செய்யாதிருக்கலாம்.

வடம் பிடிக்க ஆளற்றுப்போன தேரின் அச்சு தானே இற்றுப்போகும். அதைக் காப்பதற்கு வழி, மேலே இன்னொரு கூரை வேய்வதன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதை வீதிக்கு இழுப்பது.