பழைய குப்பைதானே என்று விட்டுவிடலாமா?

"பழைய குப்பைதானே, மக்கி மண்ணாப் போச்சு. இனிமே அது என்ன செஞ்சிடப் போகுது?"

குப்பை மேடு உள்ள ஊர்களில் எல்லாம் காதில் விழும் பேச்சு இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து!

மழை பெய்தால் குப்பை மேட்டின் அடியில் கறுப்பாக ஒரு சாறு வடியும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஜனங்கள் தாண்டிப் போவார்கள். அந்தச் சாற்றில்தான் விஷயம் இருக்கிறது.

புதுக் குப்பையில் சோற்று மிச்சம், மீன் கழிவு, கோழிக் குடல், குழந்தைகளின் மலத்துணி எல்லாம் கிடக்கும். அதில் ஊறி வரும் சாறு புளித்திருக்கும். மலக் கிருமிகள் 100 மில்லியில் லட்சக்கணக்கில் இருப்பதுண்டு.

நாளாக ஆக இந்தக் கிருமிகள் குறையும். மேட்டின் உள்ளே சூடு, புளிப்பு, காற்றில்லாத நிலை, இரைப் பஞ்சம். தாங்காமல் பெரும்பாலானவை செத்துப்போகும். இது உண்மைதான்.

அப்படியானால் பயமில்லையா?

இருக்கிறது! சில கிருமிகள் விதை போல ஓடு கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். அம்மோனியாவோ பழைய சாற்றிலும் லேசில் குறையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய மேட்டின் தலையில் தினமும் புது லோடு விழுகிறது. அடியில் இருபது வயது. உச்சியில் ஒரு நாள் வயது! ஒரு மழை அடித்தால் உச்சிக் கிருமி அடிவாரத்துக்கு வந்துவிடும்.

வேம்பார் கடற்கரை மணல் பூமி. சாறு சுலபமாக இறங்கிவிடும். ஆற்றோரம் குப்பை கொட்டினால் அது முகத்துவாரம் வழியே கடலுக்குத்தான் போகும். எதிரே இருப்பவை 1986-ல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாத் தீவுகள். முத்துக்குளித்த கடல் இது. சிப்பி கடல் நீரை வடிகட்டித் தின்னும் பிராணி; நீரில் உள்ள கிருமியும் அதன் உடம்பில் சேரும்.

சென்னையின் கதை எல்லோருக்கும் பாடம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பெருங்குடி குப்பை மேடு வளர்ந்தது. பிறகு கோடிக்கணக்கில் செலவழித்துப் பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்க வேண்டி வந்தது. அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

விதி என்ன சொன்னது?

2016-ஆம் ஆண்டு குப்பை விதிகள் தெளிவாகச் சொல்லின. குப்பை புதைக்கும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குடிநீர்க் கிணற்றிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட வேண்டும். மூடிய பிறகும் 15 வருஷம் கண்காணிக்க வேண்டும். பழைய குப்பை சாது என்றால் 15 வருஷக் காவல் எதற்கு?

அதிகாரிகள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. குப்பை மேடுகளைச் சுற்றியுள்ள கிணற்றுத் தண்ணீரை ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை சோதிக்கட்டும். குடிநீர் 100 மில்லியில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். சோதனை முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போடட்டும். மீன் கழிவையும் சோற்று மிச்சத்தையும் ஊரிலேயே தனியே பிரித்து உரமாக்கட்டும்.

ஜனங்களும் ஒன்று செய்யலாம். மழைக்காலத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள். கிருமி சாகும். ஆனால் கொதிக்க வைப்பதால் ரசாயனம் எல்லாம் போய்விடாது. ஆகவே அடுப்பை மட்டும் நம்பி ஆற்றோரத்தில் குப்பை கொட்டாதீர்கள்!

குப்பைக்கு வயதாகலாம். கவனிப்புக்கு வயதாகக் கூடாது!