கிளட்சுக்கும் தகுதிகாண் பருவம் உண்டு

“அதெல்லாம் அந்தக் காலம், தாத்தா” என்றான் என் அக்காள் பேரன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். டர்போ வைத்த சின்ன கார் ஒன்றைப் பழையதாக வாங்கினான். வெள்ளிக்கிழமை புது கிளட்ச் செட் போட்டார்கள். சனிக்கிழமையே ட்யூனிங் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டான். ஈசியூவில் புது மேப் ஏற்றி, டைனோ உருளை மேல் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கிறார்கள். இன்ஜின் சுற்று ஏறியது, சக்கர வேகம் ஏறவில்லை. பிறகு கருகல் வாடை. கிளட்ச் போட்டவர் ட்யூனிங்காரரைக் கை காட்டினார். அவர் இவரைக் கை காட்டினார். பையனின் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று.

கழற்றிய பிளேட்டை நானும் பார்த்தேன். லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தது. ஃபிளைவீலில் நீலத் திட்டுகள்.

நான் மெக்கானிக் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் கோப்பு புரட்டிய குமாஸ்தா. ஆனாலும் இது புரியாத விஷயமில்லை. புது லைனிங்கும் ஃபிளைவீலும் பார்வைக்குச் சமமாக இருந்தாலும், மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். நிதானமாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஓட்டினால் அவை தேய்ந்து முழுப் பரப்பும் படியும். அதற்கு முன் முழு பலத்தையும் ஏற்றினால், தொடுகிற சிறு பகுதி வழுக்கும், சூடேறும், லைனிங் மெருகேறிப் பிடிப்பை இழக்கும். பிறகு படியவே படியாது.

சாதாரண ஆர்கானிக் லைனிங்குக்கு 500 மைல், அதாவது ஏறக்குறைய 800 கிலோமீட்டர், ஊருக்குள் ஓட்டச் சொல்வது வழக்கம். ‘ஊருக்குள்’ என்பதுதான் இங்கே முக்கியம். இங்கிருந்து ஈசிஆரில் சென்னைக்கு இரண்டு முறை போய் வந்தால் 600 கிலோமீட்டர் ஓடிவிடும். டாப் கியரில் போகிற வண்டியில் கிளட்சுக்கு என்ன வேலை? மீட்டர் ஓடும், பிளேட் படியாது. நேரு வீதியிலும் இந்திரா காந்தி சதுக்கத்திலும் மாலை ஆறு மணிக்கு ஓட்டட்டும், அதுதான் கணக்கு. பிளேட் வகையைப் பொறுத்து இந்த அளவு மாறும். தயாரித்தவர் சொல்வதைப் படித்தாலே போதும்.

“நல்ல கிளட்ச் என்றால் முதல் நாளே தாங்க வேண்டாமா?” என்று கேட்கிறார்கள். கேள்வியிலேயே கோளாறு. கூட்டிய பலத்தை அந்த கிளட்ச் தாங்காமலே போகலாம், வாஸ்தவம். ஆனால் படியாத கிளட்ச் வழுக்கினால், அது பலக்குறைவா, படியாத குறையா என்று யாரால் சொல்ல முடியும்? டைனோ வரைகிற கோடும் அப்போது பொய். உருளைக்கு வந்து சேராத பலத்தை அது எப்படி அளக்கும்?

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். இதற்கு அந்த மொழியில் ‘ரொதாஜ்’ என்று ஒரு வார்த்தை உண்டு. புது வண்டியின் பின் கண்ணாடியில் ‘ஆன் ரொதாஜ்’ என்று அட்டை வைப்பார்கள். நம் பக்கத்தில் ‘ரன்னிங் இன்’ என்று எழுதி ஒட்டிய வண்டிகளை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ‘நான் இன்னும் பழகவில்லை, என்னை முந்திப் போ’ என்று சொல்ல அன்று யாரும் வெட்கப்படவில்லை. இன்றைய இன்ஜின்களில் கடைசல் வேலை நுட்பமாகிவிட்டது. அந்த அட்டை தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரசிப் பிடிப்பதே தொழிலாக உள்ள ஒரு பாகம் உரசாமல் எப்படிப் பழகும்?

சர்க்கார் வேலையில் எங்களுக்கே தகுதிகாண் பருவம் இருந்தது. சேர்ந்த மறுநாளே எவரும் எங்களிடம் கஜானா சாவியைத் தரவில்லை.

பையனைவிட அந்தக் கடைக்காரர் மேல்தான் எனக்குக் கோபம். பையனுக்கு வயசு, அவசரம். காசு வாங்குகிறவர் வண்டியை உள்ளே விடுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: “கிளட்ச் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆச்சு, தம்பி?” பதில் ‘நேற்று’ என்றால், அடுத்த மாதம் வா என்று அனுப்புவதுதான் தொழில் தர்மம்.

இரண்டாவது கிளட்ச் போட்டாயிற்று. இப்போது தினமும் சாயங்காலம் என்னை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகிறான். 310 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. எனக்கு அவசரமில்லை.