எரிமலை என்றால் லாவா மட்டும்தானா? ஆர்மெரோவும் பினடுபோவும் கற்றுத்தரும் பாடம்

ஸ்கூல் அறிவியல் கண்காட்சி என்றால் எரிமலை மாடல் ஒன்று கட்டாயம் இருக்கும். களிமண்ணில் ஒரு கூம்பு, நடுவில் சமையல் சோடா, சிவப்பு கலர், மேலே கொஞ்சம் வினிகர். நுரை பொங்கி வழிந்ததும் கைதட்டல். அந்த மாடலைச் செய்த மாணவரிடம், ‘எரிமலைக்குப் பக்கத்துல இருக்குறவங்க உயிருக்கு எதால ஆபத்து?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘லாவா’ என்றுதான் பதில் வரும்.

பெரும்பாலான நேரங்களில் அந்தப் பதில் தப்பு. லாவா பொதுவாக மெதுவாகத்தான் நகரும், நடந்தே தப்பித்துவிடலாம். உயிரைப் பறிப்பவை வேறு. அது தெரியாமல் போனதால் கொலம்பியாவில் ஒரு ஊரே அழிந்தது. தெரிந்ததால் பிலிப்பைன்ஸில் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். இரண்டுக்கும் இடையே ஆறே வருடம்தான்.

மண்ணுக்கு அடியில் என்ன நடக்குது?

பூமிக்கு உள்ளே எல்லா இடத்திலும் நெருப்புக்குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் காலுக்குக் கீழே இருக்கும் மேலோடும், அதற்குக் கீழே உள்ள அடுக்கும் பெரும்பாலும் திடமான பாறைதான். சில இடங்களில் மட்டும் அந்தப் பாறை உருகுகிறது. அந்தக் குழம்புக்குப் பெயர் மாக்மா. சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைவு என்பதால் அது மேலே ஏறும். வெளியே வந்துவிட்டால் அதே குழம்பு லாவா ஆகிவிடும்.

சரி, சில எரிமலைகள் அமைதியாக வழியும்போது சில ஏன் வெடிக்கின்றன? கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலியைத் தட்டியதும் உள்ளே கரைந்திருந்த வாயு சீறி வருகிறது இல்லையா? மாக்மாவிலும் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறையும், வாயு பிரியும். மாக்மா ரசம் போல நீர்த்திருந்தால் வாயு சுலபமாக வெளியேறும். ஹவாயின் கிலாவேயா பெரும்பாலும் இந்த ரகம். களி போல இறுகி இருந்தால் வாயு உள்ளேயே சிக்கும். கடைசியில் பாறையையே தூள்தூளாக்கிக்கொண்டு வெடிக்கும்.

உலகின் பெரும்பாலான எரிமலைகள் புவித்தட்டுகள் மோதும் அல்லது விலகும் ஓரங்களில்தான் இருக்கின்றன. பசிபிக் கடலைச் சுற்றியுள்ள ‘நெருப்பு வளையம்’ அதில் முக்கியமானது. இந்தியாவிலும் செயல்படும் எரிமலை ஒன்று உண்டு. அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது பழைய போர்ட் பிளேரிலிருந்து, சுமார் 140 கி.மீ. தொலைவில் இருக்கும் பாரன் தீவு. நூறாண்டுகளுக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டிருந்த அது 1991-ல் விழித்தது; அதன் பிறகும் பலமுறை புகைந்திருக்கிறது. அங்கே மனிதர்கள் யாரும் வசிப்பதில்லை.

உயிரைப் பறிப்பது எது?

முதலாவது, சூடான வாயுவும் சாம்பலும் கற்களும் கலந்து மலைச்சரிவில் பாயும் தீமேகம். நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்தில், காரைவிட வேகமாக வரும். ஓடித் தப்பிக்க முடியாது.

இரண்டாவது, சாம்பல். இது அடுப்புச் சாம்பல் மாதிரி லேசானது இல்லை. நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும். மழையில் நனைந்தால் எடை கூடி, கூரையையே சாய்த்துவிடும்.

மூன்றாவது, லஹார். சாம்பலும் தண்ணீரும் கலந்து, ஈரமான கான்கிரீட் போல ஆற்றுவழியே பாய்ந்து வரும் சேற்றுவெள்ளம். எரிமலையே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் ஊரையும் இது மூழ்கடித்துவிடும்.

ஆர்மெரோ: 1985

கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ், உச்சியில் பனிப்பாறை போர்த்திய எரிமலை. 1984 கடைசியிலேயே அதில் நடுக்கங்கள் தொடங்கிவிட்டன. 1985 செப்டம்பரில் நீராவி வெடிப்பு. அக்டோபரில் விஞ்ஞானிகள் அபாய வரைபடமே வெளியிட்டார்கள். லஹார் வந்தால் எந்தெந்த இடத்துக்கு ஆபத்து என்று காட்டிய அந்த வரைபடத்தில் ஆர்மெரோவும் இருந்தது. 1845-ல் வந்த சேற்றுவெள்ளத்தின் படிவின் மேல்தான் அந்த ஊரே கட்டப்பட்டிருந்தது.

நவம்பர் 13 மாலை ஊரில் சாம்பல் விழுந்தது. ‘பயப்படாதீங்க, வீட்டுக்குள்ளேயே இருங்க’ என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. இரவு 9 மணிக்கு மேல் எரிமலை வெடித்தது. பெரிய வெடிப்புகூட இல்லை. ஆனால் அந்த வெப்பம் பனிப்பாறையின் ஒரு பகுதியை உருக்கியது. அந்தத் தண்ணீர் சாம்பலோடு சேர்ந்து ஆற்றில் இறங்கியது. ஆர்மெரோவை அடைய அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. பக்கத்தில் இருந்த மேட்டு நிலத்துக்கு நடந்து போயிருந்தாலே போதும். மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆர்மெரோவைச் சேர்ந்தவர்கள்.

பினடுபோ: 1991

பிலிப்பைன்ஸின் பினடுபோ சுமார் 500 வருடம் அமைதியாக இருந்த மலை. அது எரிமலை என்பதே அருகில் வசித்த பலருக்குத் தெரியாது. 1991 ஏப்ரல் 2 அன்று அதில் நீராவி வெடிப்புகள் தொடங்கின. பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகளும் அமெரிக்காவின் எரிமலை உதவிக் குழுவும் கருவிகளைப் பொருத்தினார்கள். ஆர்மெரோவுக்குப் பிறகு, அதே மாதிரி இன்னொன்று நடக்கக் கூடாது என்று உருவாக்கப்பட்ட குழு அது.

நிலநடுக்கங்கள் கூடின. மே மாதத்தில் இரண்டே வாரத்தில், வெளியேறும் சல்பர் டை ஆக்சைடின் அளவு சுமார் பத்து மடங்கு உயர்ந்தது. மாக்மா மேலே வருகிறது என்பதற்கு அது தெளிவான அறிகுறி. ஆனால் கிராஃபைக் காட்டினால் யார் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்? அங்கேதான் ஒரு வீடியோ உதவியது. எரிமலைகளைப் படம்பிடிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட பிரெஞ்சு ஆய்வாளர் மோரிஸ் கிராஃப்ட் உருவாக்கிய அந்த வீடியோ, தீமேகமும் லஹாரும் என்ன செய்யும் என்பதை நேரடியாகக் காட்டியது. அதிகாரிகளுக்கும் ஊர் மக்களுக்கும் அது போட்டுக் காட்டப்பட்டது. பினடுபோ வெடிப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் தீமேகத்தில் சிக்கி மோரிஸும் அவர் மனைவி காட்யாவும் இறந்துபோனார்கள்.

ஜூன் 15-ல் பினடுபோ வெடித்தது. அதற்குள் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அன்றைக்கே புயலும் வந்ததால் மழையில் ஊறிய சாம்பல் கூரைகளைச் சாய்த்தது. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் கணிசமானோர் முகாம்களில் பரவிய நோயால் இறந்தவர்கள். மலையின் பூர்வகுடிகளான ஐட்டா மக்களின் குழந்தைகளும் அதில் அடக்கம். எச்சரிக்கை கொடுத்ததோடு அரசின் வேலை முடிவதில்லை என்பதற்கு இது சாட்சி. அப்படியிருந்தும், முன்னெச்சரிக்கையால் குறைந்தது 5,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் கணக்கிடுகிறது.

எச்சரிக்கை பொய்த்தால்?

நியாயமான கேள்வி. கரீபியத் தீவான குவாதலூப்பில் 1976-ல் 70,000-க்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். பயந்த அளவுக்குப் பெரிய வெடிப்பு வரவில்லை. பிழைப்புப் போனது, விஞ்ஞானிகளுக்குத் திட்டு விழுந்தது. ஆர்மெரோவில் அதிகாரிகளைத் தயங்க வைத்ததும் இதே பயம்தான்: வெளியேற்றிய பிறகு ஒன்றும் நடக்காவிட்டால் என்ன செய்வது?

இந்த மனநிலை நமக்கும் புதுசு இல்லை. ரெட் அலர்ட் அன்று வெயில் அடித்தால் வானிலை மையத்தை வைத்து எத்தனை மீம்ஸ் வருகின்றன! சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு கிண்டலும் அடுத்த எச்சரிக்கையைக் கொடுப்பவரைக் கொஞ்சம் தயங்க வைக்கிறது. கேட்பவரைக் கொஞ்சம் அலட்சியமாக்குகிறது. இயற்கையைப் பற்றிய முன்னறிவிப்பு எல்லாமே சாத்தியக்கூறுதான். சில தடவை வீணாக வெளியேறுவது, ஒரு தடவை பிழைப்பதற்குக் கொடுக்கும் விலை.

அதனால் அடுத்த அறிவியல் கண்காட்சியில் அந்தக் களிமண் எரிமலை தாராளமாக இருக்கட்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் கூடவே அடிவாரத்தில் ஒரு ஆறு, ஆற்றோரம் ஒரு ஊர், பக்கத்தில் ஒரு மேடு என்று செய்யச் சொல்லலாம். நுரை பொங்கியதும் கைதட்டுவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கலாம்: ‘இந்த ஊர்ல இருக்குறவங்க இப்போ எந்தப் பக்கம் போகணும்? அதை அவங்களுக்கு யார் சொல்லணும்?’