வரப்போகும் கணனியும் வாராத வாக்குறுதியும்

வின்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழங்கிவந்த வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்றோசொவ்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. அதனையொட்டி எமது மக்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு வினா எழுந்தது. வீட்டிலுள்ள கணனியை இப்போதே மாற்றுவதா, அல்லது அடுத்தது வரும்வரை பொறுத்திருப்பதா என்பதே அது. கோயில் மண்டபத்திலும், பிள்ளைகளை அழைத்துவரப் போகும் தமிழ்ப் பாடசாலை வாசலிலும் இதற்கு விடை சொல்வோர் பலர். "வின்டோஸ் 12 வருகுதாம்" என்பார் ஒருவர். "புதுச் சில்லு வருகுதாம், அதுவரை பொறுங்கோ" என்பார் மற்றவர். "விலை இறங்கப் போகுதாம்" என்பார் மூன்றாமவர்.

தான் காணாததை, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வதற்கென்றே தமிழில் ஒரு சொல்லிறுதி உண்டு. இந்த 'ஆம்' என்ற ஈரெழுத்து ஒலியின் மீது உலகக் கணனி வணிகத்தின் கணிசமான பகுதி நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகின்றது என்று கூறினால் அது மிகையாகாது. இன்னும் பிறவாத பொருளைப் பற்றிய பேச்சு, பிறந்த பொருளின் விற்பனையைத் தீர்மானிக்கின்றது. இப்பேச்சினால் இலாபமடைபவர் யார், இழப்பவர் யார் என்பதை நாம் சற்று ஆராய வேண்டியுள்ளது.

இவ்வரலாறு தமிழ் மண்ணோடு தொடர்புடைய ஒருவரிடமிருந்தே தொடங்குகின்றது. அடம் ஒஸ்போர்ன் என்ற ஆங்கிலேயர், இரமண மகரிஷியின் அடியவரான ஆதர் ஒஸ்போர்னின் மகன். இளமையில் திருவண்ணாமலையில் வளர்ந்து தமிழ் பேசக் கற்றவர். 2003இல் கொடைக்கானலில் காலமானவர். இவர் 1981இல் அமெரிக்காவில் 'ஒஸ்போர்ன் 1' என்ற கணனியை 1,795 டொலருக்கு வெளியிட்டார். ஏறத்தாழ 11 கிலோ எடையும் ஐந்து அங்குலத் திரையும் கொண்ட அது, கையில் தூக்கிச் செல்லக்கூடியதாகப் பெருமளவில் விற்பனையான முதற் கணனியாகும்.

1983இன் தொடக்கத்தில், அடுத்து வரவிருக்கும் சிறந்த மாதிரியைப் பற்றி ஒஸ்போர்ன் பத்திரிகையாளர்களிடம் முன்கூட்டியே பேசினார். அதனை அறிந்த விற்பனை முகவர்கள் பழைய கணனிக்கான கட்டளைகளை இரத்துச் செய்தனர் என்றும், பணவரவு வற்றியது என்றும் சொல்லப்படுகின்றது. அவ்வாண்டு செப்ரெம்பரில் நிறுவனம் வங்குரோத்து நிலையை அடைந்தது. இன்றுவரை வணிகத்துறையினர் இதனை 'ஒஸ்போர்ன் விளைவு' என்றே அழைக்கின்றனர். நிர்வாகக் குறைபாடுகளும், ஒன்பது அங்குலத் திரையுடன் வந்த கேப்றோ கணனியின் போட்டியுமே உண்மைக் காரணங்கள் எனப் பின்னர் சிலர் வாதிட்டுள்ளனர். எவ்வாறாயினும், வரப்போவதைப் பற்றிய சொல்லுக்கு இருப்பதைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்ற பாடத்தை இத்துறை அன்று கற்றுக்கொண்டது.

தன் பொருளைக் கொல்லவல்ல அச்சொல், பிறர் பொருளைக் கொல்லவும் உதவும் அல்லவா? 1982 நவம்பரில் விசிகோர்ப் என்ற நிறுவனம், சாளரங்களும் சுட்டியும் கொண்ட 'விசி ஒன்' என்ற மென்பொருளைக் கண்காட்சியொன்றிற் காட்டியது. அடுத்த ஆண்டு, 1983 நவம்பர் 10இல், மைக்றோசொவ்ற் 'வின்டோஸ்' என்ற பெயரை உலகிற்கு அறிவித்தது. அது கடைக்கு வந்ததோ 1985 நவம்பர் 20இல். இடைப்பட்ட இரண்டாண்டுகளில் விசி ஒன் சந்தைக்கு வந்து, விலை அதிகமாகவும் வன்தட்டு இன்றி இயங்காததாகவும் இருந்தமையாற் சோர்ந்து, 1984இல் வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அதன் வீழ்ச்சிக்கு வின்டோஸ் அறிவிப்பு மட்டுமே காரணமென நாம் கூறவில்லை. ஆயினும் "பெரியவர்களுடையது வரப்போகுது, பொறுப்போம்" என்ற எண்ணம் வாங்குவோர் மனதில் விதைக்கப்பட்டதை மறுக்க முடியாது.

வன்பொருள், மென்பொருள் என இரண்டினையே நாம் அறிவோம். அறிவிக்கப்பட்டும் வந்து சேராத மூன்றாவது வகைக்கு ஆங்கிலத்தில் 'வேப்பர்வெயர்' என்று பெயரிட்டனர். நாம் 'ஆவிப்பொருள்' எனலாம். 1995 பெப்ரவரியில் வாஷிங்டன் நீதிபதி ஸ்ரான்லி ஸ்போர்க்கின், மைக்றோசொவ்ற்றுக்கும் அமெரிக்க நீதித் திணைக்களத்திற்கும் இடையிலான உடன்பாட்டை ஏற்க மறுத்தபோது, இந்த ஆவிப்பொருள் வழக்கத்தையும் கடுமையாகக் கண்டித்தார். நான்கு மாதங்களில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரது முடிவை மாற்றி, வழக்கை வேறொரு நீதிபதியிடம் ஒப்படைத்தது. ஆவிப்பொருள் வழக்கம் தொடர்ந்தது.

தாமதங்கள் யாவும் சூழ்ச்சியால் விளைபவை என்று எண்ணுவதும் தவறாகும். உண்மையான இடர்களும் உள. இன்ரெல் நிறுவனத்தின் பத்து நனோமீற்றர் சில்லுகளை எடுத்துக்கொள்வோம். 2015 யூலையில் அந்நிறுவனம், அவை 2017இன் பிற்பாதியில் வரும் என்றது. 2018 ஏப்ரலில், பெருமளவு உற்பத்தி 2019இலேயே நடைபெறும் என்றது. அந்நிறுவனம் ஒரே பாய்ச்சலில் ஏறத்தாழ 2.7 மடங்கு நெருக்கமாக நுண்கூறுகளை அடுக்க முனைந்தது. அதற்குரிய புதிய ஒளிப்பொறிகள் அப்போது ஆயத்தமாகாத நிலையில், பழைய பொறிகளைக் கொண்டே ஒரு படலத்தைப் பல தடவைகள் பதிக்க வேண்டியிருந்தது. பதிப்பு ஒவ்வொன்றிலும் பிழை சேர, பழுதற்ற சில்லுகளின் தொகை குறைந்தது. 2020 யூலையில் அடுத்த தலைமுறைச் சில்லும் தாமதமாகும் என்று இன்ரெல் கூறியபோது, அதன் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ 16 வீதம் வீழ்ந்தது. அதற்கு முந்தைய மாதமே அப்பிள் நிறுவனம், தனது மக் கணனிகளில் இன்ரெல் சில்லுகளைக் கைவிட்டுத் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறுவதாக அறிவித்திருந்தது.

தாமதத்தின் சுமை இறுதியில் யார் தலையில் விழுகின்றது என்பதற்கு வின்டோஸ் விஸ்ரா நல்ல சான்று. 2003இல் வருமென எதிர்பார்க்கப்பட்ட இவ்வியங்குதளத்தின் வேலை, 2004இல் பெரும்பாலும் மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்யப்பட்டது. பெரிதாகப் பேசப்பட்ட புதிய கோப்பு முறைமை அதிலிருந்து கைவிடப்பட்டது. பொதுமக்கள் கைக்கு அது 2007 சனவரி 30இலேயே வந்தது. ஆண்டிறுதி விற்பனைக் காலத்தைத் தவறவிட்ட நிலையில், மக்கள் வாங்காமற் காத்திருந்துவிடுவர் என்று உற்பத்தியாளர் அஞ்சினர். எனவே 2006இல் விற்ற கணனிகளில், விஸ்ரா இயங்கத் தகுதியுடையது என்று ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது. அவற்றுட் பல, விஸ்ராவின் மிகக் குறைந்த பதிப்பை மட்டுமே தாங்கின. 2007இல் வழக்குத் தொடரப்பட்டது. இன்ரெல்லின் காலாண்டு வருமானத்திற்கு உதவும்பொருட்டே தகுதி வரம்பு தளர்த்தப்பட்டதாக மைக்றோசொவ்ற் அதிகாரியொருவர் எழுதிய மடல் நீதிமன்றின் வழியே வெளிவந்தது. 2009இல் அது கூட்டு வழக்காகத் தொடரும் தகுதியை இழந்தது. ஒட்டுத்தாளை நம்பியவர் நம்பியவரே.

தமிழரான நாம் காத்திருந்த கதையும் ஒன்று உண்டு. 1991இல் யுனிகோட் குறியீட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் குறியீடு இருந்தும் அதனைக் காட்டும் இயங்குதளம் இருக்கவில்லை. அவ்வாண்டுகளிற் புலம்பெயர் பத்திரிகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டன. பாமினியில் தட்டச்சிட்ட கட்டுரை, வேறு எழுத்துரு வைத்திருந்த அச்சகத்தில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். வின்டோஸ் என்ரி 5 என்ற பெயரில் 1997இற் சோதனைக்கு வந்து, பெயர் மாறி, 2000 பெப்ரவரி 17இல் வெளியான வின்டோஸ் 2000தான் 'லதா' எழுத்துருவுடன் தமிழை உள்ளே கொண்டுவந்தது. வீட்டுப் பாவனையாளருக்கு 2001 ஒக்ரோபரில் எக்ஸ்பி வந்தது. அதிலும் இறுவட்டை மீண்டும் இட்டுத் தமிழுக்கான பகுதியைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. அப்பத்தாண்டு முழுவதும் எமது பத்திரிகைகள் காத்திருந்து கைகட்டி இருக்கவில்லை. கையில் இருந்த குறைபாடுள்ள எழுத்துருக்களைக் கொண்டே நாள்தோறும் அச்சாகின. காத்திருந்திருந்தால் அக்காலத்தின் எழுத்தே எம்மிடம் இருந்திராது.

அண்மைய நிகழ்வுகளுக்கு வருவோம். 2015 மே மாதம் மைக்றோசொவ்ற் ஊழியர் ஒருவர் ஒரு மாநாட்டு மேடையில், வின்டோஸ் 10 தான் இறுதிப் பதிப்பு என்னும் பொருள்படப் பேசினார். உலகப் பத்திரிகைகள் அதனைத் தலைப்பாக்கின. அதே ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட ஆதரவுக்கால அட்டவணையில் 2025 ஒக்ரோபர் 14 என்ற நாள் அச்சிடப்பட்டிருந்தது. அதனைப் படித்தோர் மிகச் சிலரே. நடந்தது என்ன? 2021 யூனில் வின்டோஸ் 11 அறிவிக்கப்பட்டது, மேடைப்பேச்சு ஆவியாகியது. அட்டவணையில் இருந்த நாளோ பத்தாண்டுகள் கழித்துப் பிசகாமல் வந்து சேர்ந்தது.

வருகையை அறிவிக்கும் நாட்கள் தவறுகின்றன. விடைபெறும் நாட்கள் பெரும்பாலும் தவறுவதில்லை. சிலவேளை அவை தள்ளிவைக்கப்படலாம். ஆயினும் அவை எழுத்தில் உள்ளவை. நாமோ பேச்சைக் கேட்கின்றோம், எழுத்தைப் படிப்பதில்லை. 2024இல் வின்டோஸ் 12 வரும் என்று 2023 முழுவதும் பேசப்பட்டது. வந்ததோ வின்டோஸ் 11இன் புதுப்பிப்பு மட்டுமே. வின்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு நிபந்தனை தளர்த்தப்படும் என்றும் பலர் நம்பியிருந்தனர். 2024 டிசெம்பரில் மைக்றோசொவ்ற், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை என்று எழுத்திலேயே கூறிவிட்டது.

தாமதம் நன்மையாக முடிந்த வேளைகளும் உண்டு என்பதை இங்கு குறிப்பிடாமல் விடுதல் நேர்மையாகாது. கணனித் திரையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படமெடுத்துச் சேமிக்கும் 'றீகோல்' என்ற வசதி 2024 யூனில் வரவிருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதன் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியதால் அது பின்வாங்கப்பட்டது. பாவிப்பவர் தாமே விரும்பி இயக்கினாலன்றி இயங்காதவாறு திருத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் வெளிவந்தது. புகலிட வழக்கின் பத்திரங்களையும் ஊரிலுள்ள உறவினரின் முகவரிகளையும் கணனியில் வைத்திருப்போருக்கு, அந்தப் பத்து மாதத் தாமதம் ஒரு காவலாகவே அமைந்தது.

பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்ற பழைய விதியும் முறிந்துவிட்டது. 2025இன் இறுதி மாதங்களில், செயற்கை அறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கிக் குவித்ததால் அவற்றின் விலை கடுமையாக உயர்ந்தது. வீட்டுப் பாவனையாளருக்கு நினைவகம் விற்றுவந்த தனது 'குறூசியல்' வணிகத்தைக் கைவிடுவதாக அவ்வாண்டு டிசெம்பரில் மைக்றோன் நிறுவனம் அறிவித்தது. அவ்விலை உயர்வுக்கு முன் "பொறுங்கோ" என்ற சொல்லைக் கேட்டு நின்றவர், பொறுத்ததற்கே கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது.

எனவே எமது மக்கள் செய்யத்தக்கது யாது? ஒரு சம்பளத்தில் வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவதில் ஒரேயொரு கணனி வாங்கும் குடும்பத்திற்கு, வதந்தி ஒரு பொழுதுபோக்கு அன்று. முதலாவதாக, தேவை எப்போது என்பதைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பரீட்சை மூன்று மாதத்தில் என்றால், ஆறு மாதத்தில் வரப்போகும் சில்லினால் அப்பிள்ளைக்குப் பயன் எதுவுமில்லை. இரண்டாவதாக, வாங்கும் பொருளுக்கு எந்நாள் வரை ஆதரவு உண்டு என்பதை நிறுவனத்தின் அட்டவணையிற் படித்தறிய வேண்டும். பாவித்த கணனி வாங்குவோர் இதனை இருமடங்கு கவனிக்க வேண்டும். வின்டோஸ் 11 ஏற்காத கணனிகள் மலிவாக விற்கப்படுவதன் காரணம் இதுவே. மூன்றாவதாக, இன்றில்லாத ஒன்றைப் பின்னர் தருவோம் என்று சொல்லி விற்கப்படும் வசதிக்கு ஒரு சதமும் கூடுதலாகக் கொடுத்தலாகாது.

பழைய கணனியை உடனே வீசிவிடவும் வேண்டியதில்லை. வின்டோஸ் 10க்கு 2026 ஒக்ரோபர் 13 வரை ஓராண்டு நீடிப்புத் திட்டமொன்று அறிவிக்கப்பட்டது. பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே உள்ளிட்ட ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளில், மைக்றோசொவ்ற் கணக்கு வைத்திருப்போருக்கு அது இலவசம் என்று பின்னர் கூறப்பட்டது. அவ்வலயத்திற்கு வெளியேயுள்ள பிரித்தானியா, சுவிஸ், கனடா ஆகிய நாடுகளில் வாழ்வோருக்கு 30 அமெரிக்க டொலர் கட்டணம், அல்லது கணனியின் அமைப்புக்களை அந்நிறுவனத்திடம் சேமித்துவைத்தல் போன்ற வேறு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஒரே அண்ணன் தம்பியர் பரிசிலும் இலண்டனிலும் இருந்தால், ஒருவருக்குப் பொருந்திய அறிவுரை மற்றவருக்குப் பொருந்தாது. இலவசம் என்று மட்டும் கேட்டவர் இதனை அறிந்திருக்கமாட்டார்.

கடையில் இருப்பது பொருள். அட்டவணையில் இருப்பது வாக்கு. மற்றவையெல்லாம் 'ஆம்' என முடியும் செய்திகளே. கோயில் மண்டபத்தில் அடுத்தமுறை யாரேனும் "வருகுதாம்" என்று சொன்னால், "எங்கே எழுதியிருக்குது?" என்று ஒரு கேள்வி கேட்போமாக. அக்கேள்விக்கு விடை இல்லையெனில், எமது பணத்தையும் பிள்ளைகளின் காலத்தையும் அச்செய்தியிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை.