காசநோயும் நாள்கூலியும்

காசநோய்க்கு அரசாங்கம் காசு வாங்காமல் மருந்து கொடுக்கிறது. சளிப் பரிசோதனை இலவசம். ஆறு மாத மாத்திரையும் இலவசம். ஆயினும் மும்பையிலும் தானாவிலும் கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்தில் இந்த நோய் நுழைந்துவிட்டால், ஆறு மாதம் முடிவதற்குள் மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. மருந்து இலவசமாக இருக்கும்போது தோடு எதற்காகப் போகிறது? மருத்துவ வசதி ஏழைக்கு எட்டுகிறதா என்று ஆராய்வோர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுதான்.

தாராவியில் தோல் பட்டறையிலோ தையல் கூடத்திலோ வேலை செய்யும் தொழிலாளிக்கு இருமல் வருகிறது. ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு காலையில் நடக்கிறது. சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. அன்றைய கூலி போயிற்று. முடிவைத் தெரிந்துகொள்ள மறுபடியும் ஒரு நாள் வரச் சொல்கிறார்கள். அந்தக் கூலியும் போயிற்று. ஆகவே அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வேலை முடிந்து இரவில் வரும்போது சந்து முனையில் விளக்கு எரியும் கிளினிக்குக்குப் போகிறார். ஓர் ஊசி, ஒரு பாட்டில் இருமல் மருந்து, நான்கு மாத்திரை. இரண்டு நாள் சற்றுக் குறைந்தது போலிருக்கும்; பிறகு மறுபடியும் இருமல்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது எல்லாச் சுகாதார நிலையச் சுவர்களிலும் எழுதியிருக்கும் பாடம். அந்தப் பாடம் இவரிடம் வந்து சேர மாதக் கணக்கில் ஆகிறது. அதற்குள், காற்று நுழையாத ஒரே அறையில் அவருடன் படுத்துறங்கும் பிள்ளைகளுக்கும் நோய் தொற்றிவிட வாய்ப்புண்டு. அவர் அறியாமையால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று சொல்வது எளிது. கூலியை இழக்க முடியாததால் போகவில்லை என்பதே உண்மை.

இந்த நோயைப் பற்றிய ஒரு பெரிய உண்மையை உலகுக்குக் காட்டியது சென்னைதான். முற்காலத்தில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும். டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் அமைத்த சானடோரியத்தின் பெயர் இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு நிலைத்திருக்கிறது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயும் வைத்துச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். 1959-ல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தவரும் சானடோரியத்தில் இருந்தவருக்குச் சமமாகவே குணமடைந்தார். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று அதிகரிக்கவும் இல்லை. படுக்கை தேவையில்லை, மருந்துதான் தேவை என்று நிரூபிக்கப்பட்டதால்தான் கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வைத்தியம் கிட்டியது.

படுக்கையின் செலவு அன்று நீங்கியது. நடையின் செலவு நீங்கவில்லை. 1997-ல் வந்த திருத்திய திட்டத்தில், வாரம் மூன்று நாள் ஊழியர் முன்னிலையில் மாத்திரை விழுங்க வேண்டும் என்று ஏற்பாடு. நோக்கம் நல்லதே, நாள்கூலிக்காரருக்குத்தான் அது பெரும் சோதனை. 2017-ல் தினசரி மாத்திரை முறை நாடெங்கும் வந்தது. பல மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்தன. நடை குறைந்தது. ஆனாலும் நோயைக் கண்டுபிடிக்கும் வரை அலைவதும், இடையிடையே பரிசோதனைக்கு வருவதும் இன்னும் பகல் வேலை நேரத்திலேயே இருக்கின்றன.

மும்பை மாநகராட்சி 2022-ல் தொடங்கிய ‘ஆப்லா தவாகானா’ நிலையங்கள் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை என்ற நேர ஏற்பாட்டுடன் வந்தன. பாராட்டத்தக்க யோசனை. அங்கே எல்லா இடங்களிலும் மாலையில் சளி வாங்கிக்கொள்ளவும், முடிவைச் சொல்லவும், காசநோய் மாத்திரை வழங்கவும் வழி செய்தால் எத்தனையோ கூலி நாள்கள் மிச்சப்படும். நேரப் பலகை மட்டும் இருந்து டாக்டர் நாற்காலி காலியாக இருந்தால் பயனில்லை.

அடுத்தது, உணவு. இந்த நோய்க்குப் பாதி வைத்தியம் சோற்றில் இருக்கிறது. ஜார்க்கண்டில் நடத்திய ஓர் ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கு கொண்டது. நோயாளியின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பால்பவுடர் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது நூற்றுக்கு 39 அளவு குறைந்தது. சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு 6,000 ரூபாய். வரவேற்க வேண்டியதே. ஆனால் வேலைக்குப் போக முடியாத வீட்டில் அந்தப் பணம் முட்டைக்கும் பருப்புக்கும் போகுமா, அறை வாடகைக்குப் போகுமா?

கூலிக்கு ஈடு செய்ய சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதுதான் இ.எஸ்.ஐ. 1948-ல் சட்டமாகி 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இந்தத் திட்டம், இப்போது 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் நடக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் இதில் சேர வேண்டும். சம்பள வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். 2019 ஜூலை முதல் நூறு ரூபாய்ச் சம்பளத்துக்குத் தொழிலாளி கட்டுவது 75 காசு. முதலாளி கட்டுவது 3 ரூபாய் 25 காசு.

சந்தா கட்டியவர் நோயுற்றால் ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு நூற்றுக்கு 80 வீதம், இரண்டு ஆண்டு வரைகூடக் கிடைக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இவ்வளவே நிபந்தனை. வீட்டில் உலை வைக்க இந்த ஒரு விதியே போதும்.

ஆனால் பட்டறையில் பதினைந்து பேர் வேலை செய்தால் புத்தகத்தில் எட்டுப் பேர்தான் இருப்பார்கள். சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டுச் சந்தா கட்டாத இடங்களும் உண்டு. ஒப்பந்தக்காரரைக் கேட்டால் கம்பெனியைக் காட்டுவார். கம்பெனியைக் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. இன்ஸ்பெக்டர்கள் கண்டிப்புடன் நடந்தால் இந்த விளையாட்டு நிற்கும். தொழிலாளியும் தம் இன்சூரன்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, சந்தா சேருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் வந்த பிறகு தேடினால் எண் கிடைக்காது.

தமிழ்த் தொழிலாளிக்கென்று ஒரு தனி அபாயமும் இருக்கிறது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் இருமல் நிற்கும், பசி எடுக்கும், உடம்பு தேறும். ‘குணமாகிவிட்டது, ஊருக்குப் போய் வரலாம்’ என்று நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறார். ஊரில் மாத்திரை வாங்குவதில்லை. கிருமி முழுவதும் சாகாமல், மருந்துக்கு மசியாத கிருமியாகத் திரும்புகிறது. அந்த நோய்க்கு முன்பெல்லாம் ஒன்பது மாதம் முதல் இருபது மாதம் வரை கடுமையான வைத்தியம் வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் ஆறு மாதச் சிகிச்சைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதி தந்திருப்பது பெரும் ஆறுதல். எனினும் வராமல் காப்பதே அறிவுடைமை.

ஊருக்குப் போவது குற்றமல்ல. ஒவ்வொரு நோயாளிக்கும் ‘நிக்ஷய்’ பதிவு எண் இருக்கிறது. புறப்படும் முன் மருந்து தரும் நிலையத்தில் சொன்னால், ஊருக்கு அருகிலுள்ள அரசு நிலையத்துக்குச் சிகிச்சையை மாற்றித் தருவார்கள். சிகிச்சைக்காகவோ பரிசோதனைக்காகவோ பயணம் செய்யும் காசநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் தூங்கும் வசதிப் பெட்டியிலும் ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 75 சலுகை உண்டு. டாக்டரிடம் உரிய படிவத்தில் சான்று வாங்கிக் கவுண்டரில் காட்ட வேண்டும். இந்தச் சலுகை இருப்பதே பலருக்குத் தெரியாததால், கடன் வாங்கி முழுக் கட்டணம் கொடுக்கிறார்கள்.

நோயாளி மட்டும் ஒழுங்காக இருந்தால் போதுமா? 2023-லும் 2024-லும் பல மாநிலங்களில் காசநோய் மாத்திரைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2024 மார்ச்சில், மூன்று மாதத்துக்கு வேண்டியதை அங்கங்கே வாங்கிக்கொள்ளுமாறு மத்திய அரசே மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. ஒரு நாள்கூட விடாதே என்று நோயாளிக்கு உபதேசம் செய்யும் அரசாங்கம், ஒரு நாள்கூட மருந்து இல்லை என்று சொல்லாதிருக்கக் கடமைப்பட்டது. 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் பிரகடனம் செய்யப்பட்டது. நோய் குறைந்திருப்பது உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2015-ல் லட்சம் பேருக்கு 237 பேர் என்றிருந்தது, 2024-ல் 187 ஆயிற்று. ஆனால் இலக்கு எட்டப்படவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்னமும் இந்தியர்தான்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பரிசோதனையும் மருந்தும் மாலையிலும் கிடைக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் விடுபட்டவர்களைச் சேர்க்க வேண்டும். மராத்தியும் இந்தியும் அறியாத பெண்களும் முதியோரும் வரும் நிலையங்களில் தமிழில் விளக்கத் தாள் வைக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அஞ்ச வேண்டாம் என்ற ஒரு வரியைத் தாய்மொழியில் சொல்லாததால் மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு.

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் பந்தல் போடுகிறார்கள், மகிழ்ச்சி. வாரத்தில் ஒரு மாலை, படித்த இளைஞர் இருவர் சங்க அறையில் அமர்ந்து இ.எஸ்.ஐ. படிவம் நிரப்பிக் கொடுத்து, நோயாளிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குச் சென்று வந்தால் அது எந்த விழாவுக்கும் குறைந்ததாகாது. நோயை மறைக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று மறைத்த நோய், அந்தப் பெண்ணுக்கே வந்து சேரும். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால், மற்றவர்களுக்கும் பரிசோதனையும் தடுப்பு மாத்திரையும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆறு மாதம் முடிந்து நோயாளி நலமாக வேலைக்குத் திரும்பும் நாளில் வீட்டுத் தோடு வீட்டிலேயே இருந்தால்தான், அந்தக் குடும்பத்துக்கு மருந்து இலவசமாகக் கிடைத்தது என்று சொல்லலாம். பொறுப்பில் உள்ளோர் இந்தக் கணக்கையும் பார்த்து ஆவன செய்ய வேண்டும்.