கூட்டு

காவேரிப்பட்டினம் என்றதும் நேயர்களில் பலர் கடற்கரைக்கும், கோவலன் கண்ணகி காலத்துக்கும் போய்விடுவார்கள். தயவு செய்து திரும்பி வர வேண்டும். நான் சொல்லும் காவேரிப்பட்டினம் கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தர்மபுரி போகும் சாலையில் இருக்கிறது. பக்கத்தில் ஓடுவது காவேரி அல்ல, தென்பெண்ணை. இங்கே கப்பல் வருவதில்லை. பருவம் பிறந்தால் மாங்காய் லாரிகள் வரும்.

அந்த ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஓசூரிலே அத்தனை ஆலை இருக்குதுங்களே, அந்தப் பணம் எப்பங்க எங்க பக்கம் வரும்?"

சட்டென்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தபோது, முதலில் ஓசூருக்கே அந்தப் பணம் எப்படி வந்தது என்று பார்ப்பது நல்லதென்று தோன்றியது.

பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும், ஓசூர் நெடுங்காலம் ஒரு வறண்ட தாலுகாவாகவே இருந்தது. 1971-ஆம் வருஷம் தமிழ்நாட்டு சர்க்கார் 'சிப்காட்' ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, பின்தங்கிய இடங்களில் நிலமும் சாலையும் நீரும் தயார் செய்து தொழில்களை அழைத்தது. ஓசூரில் மோட்டார் வண்டித் தொழில்கள் வந்து சேர்ந்தன. ஆனால் நம் விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது கடிகாரத் தொழில்தான்.

1984-ஆம் வருஷம் டாட்டா நிறுவனமும், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய 'டிட்கோ'வும் சேர்ந்து ஒரு கடிகாரக் கம்பெனி ஆரம்பித்தன. பெயர் டைட்டன். டாட்டா இண்டஸ்ட்ரீஸின் முதல் எழுத்துக்களும் தமிழ்நாட்டின் முதல் எழுத்துக்களும் ஆங்கிலத்தில் கைகோத்துக் கொண்டு பிறந்த பெயர் இது! கலியாணப் பத்திரிகையில் இரு வீட்டார் பெயரையும் போடுவது போல.

இந்தச் சம்பந்தத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சர்க்கார் சலுகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. பங்கும் வாங்கிக் கொண்டது. கம்பெனியின் பங்குகளில் நாலில் ஒரு பாகத்துக்கு மேல் இன்றும் டிட்கோவின் வசமே இருக்கிறது. ஆகவே, கடிகாரம் ஓடினால் அந்த லாபத்தில் ஒரு பகுதி ராஜ்யத்துக்கும் வருகிறது. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளும் பெண்களும் அங்கே பழக்கப்பட்டு, நுண்ணிய வேலையில் தேர்ந்தவர்களானார்கள்.

பெரிய முதலாளியும் சர்க்காரும் கூட்டுச் சேருவது சரிதான். கையில் பத்து ரூபாய் உள்ளவர்கள் என்ன செய்வது? இதற்கும் அதே சீமை விடை கண்டது. 1989-ஆம் வருஷம், இப்போதைய கிருஷ்ணகிரி ஜில்லாவையும் உள்ளடக்கியிருந்த தர்மபுரி ஜில்லாவில், மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. ரோமாபுரியைத் தலைமை ஸ்தலமாகக் கொண்ட சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதி கடன் கொடுத்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுக் கழகம் காரியத்தை நடத்தியது. தொண்டு ஸ்தாபனங்கள் ஊர் ஊராகச் சென்று குழுக்களைக் கூட்டின. இந்தியன் பாங்கி கடன் வழங்க முன்வந்தது.

ஆயினும் முதல் காசு ரோமாபுரியிலிருந்து வந்ததல்ல. இருபதுக்கு உட்பட்ட பெண்கள் கூடி உட்கார்ந்து, வாராவாரம் தங்கள் சேமிப்பைப் போட்டார்கள். அதைத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வசூலித்தார்கள். கணக்குப் புஸ்தகம் எழுதினார்கள். அந்தப் புஸ்தகத்தைப் பார்த்துத்தான் பாங்கி நம்பியது. நகையோ நிலமோ அடமானம் கேட்கவில்லை. ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்களுடைய வாக்கே ஜாமீன்.

பிறகு இரண்டு வாய்க்கால்களும் ஓரிடத்தில் கலந்தன. மைராடா என்ற தொண்டு ஸ்தாபனத்தின் துணையால் குழுப் பெண்கள் 'மெடோ' என்று சொந்தமாக ஒரு தொழில் ஸ்தாபனம் அமைத்து, டைட்டனுக்குக் கடிகாரப் பட்டைகள் கோத்துக் கொடுத்தார்கள். கூலிக்காரிகளாக அல்ல, ஸ்தாபனத்தின் சொந்தக்காரிகளாக!

இப்போது மாந்தோட்டத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரிச் சீமையின் பெங்களூரா மாங்காய், கூழ் ஆலைகளை நம்பியே விளைகிறது. 2025-ஆம் வருஷம் விளைச்சல் மிகுந்தபோது விலை சரிந்தது. பறிப்புக் கூலிக்கும் கட்டாது என்று குடியானவர்கள் கதறினார்கள். எல்லைக்கு அப்பால் ஆந்திராவில், ஆலை எட்டு ரூபாயும் சர்க்கார் நாலு ரூபாயுமாகக் கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று நிச்சயித்தார்கள். கர்நாடகத்தில் விலைக் குறைவை ராஜ்யமும் மத்திய சர்க்காரும் சரிபாதியாக ஏற்பதென்று ஏற்பாடாயிற்று. மாங்காய்க்கு எல்லைக்கோடு தெரியாது. ஆனால் விலைக்குத் தெரிந்திருக்கிறது!

இவை ஆபத்துக்கு உதவிய கூட்டுகள். வருஷா வருஷம் நிலைக்க வேண்டுமானால், கூழ் ஆலையிலேயே தோட்டக்காரருக்குப் பங்கு இருக்க வேண்டும். குடியானவர்கள் தங்கள் சேமிப்பைப் போட்டு, சர்க்காரும் பாங்கியும் ஆலை முதலாளியும் உடன் சேர்ந்தால், அது புதுமையல்ல. கடிகாரத்திலும் பெண்கள் குழுவிலும் அதே மண்ணில் பார்த்த வித்தைதான்.

நம் வீட்டுச் சமையலிலும் கூட்டு உண்டல்லவா? பூசணியைப் போட்டவருக்குக் கரண்டியும், பருப்பைப் போட்டவருக்குப் பாத்திரமும் என்று பிரித்தால் அதற்குக் கூட்டு என்று பெயரில்லை. காவேரிப்பட்டினத்துப் பெரியவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: ஐயா, பணம் தானாக உங்கள் பக்கம் வராது. நீங்கள் பங்காளியாகப் பந்தியில் உட்காருகிற அன்று வரும்.