மலைச்சரிவில் ஒரு மெல்லோட்டம்

சென்ற திங்கள் இப்பகுதி வெளிவராமற் போனதற்கு வாசக நேயர்கள் பொறுத்தருள வேண்டும். எழுதுபவன் தலைநகரத்தில் இல்லை. ஜெர்மனி தேசத்தில் ஹைடல்பெர்க் என்னும் பழம்பதியில், ஆராய்ச்சிப் பணியிலிருக்கும் தன் மகளின் இல்லத்தில் ஐந்து வாரம் தங்கியிருந்தான். அவ்வூர்க் கோட்டையைப் பற்றியும், 1386-இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகத்தைப் பற்றியும் எழுதுவேன் என்று நமது சங்கத்துச் செயலாளர் எதிர்பார்த்தார். அவற்றை எழுத வல்லவர் பலர் உளர். நான் எழுதப் புகுவது, அவ்வூர் மக்கள் காலை வேளையில் ஓடுகின்ற வழிகளைப் பற்றி.

நகைக்க வேண்டா. இளைஞர் ‘ஜாகிங்’ என்று வழங்கும் மெல்லோட்டத்தை நானும் நெடுங்காலம் நகைத்தவனே. சர்க்கரை நோய்க்காக நாள்தோறும் நாற்பது நிமிடம் நடக்குமாறு மருத்துவர் பணித்து ஆறாண்டுகள் ஆகின்றன. மாலைதோறும் தொலைபேசியில் மகள், “நடந்தீர்களா, அப்பா?” என்று கேட்பாள். “நடந்தேன், அம்மா” என்பேன். லோதித் தோட்டம் வரை சென்றது உண்மை. அங்கே ஒரு பலகையில் அமர்ந்து, என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர் மூவரோடு நாட்டு நடப்புப் பேசிவிட்டுத் திரும்பியதும் உண்மை. இடையில் நடை என்பது எவ்வளவு இருந்தது என்பதை அத்தோட்டத்துக் கிளிகளே அறியும்.

ஹைடல்பெர்க் நகரின் அமைப்பை முதலிற் சொல்லிவிடுகிறேன். ஓடன்வால்ட் என்னும் மலைக்காட்டினூடே வளைந்து வரும் நெக்கர் ஆறு, ரைன் சமவெளியை எட்டும் வாயிலில் இவ்வூர் இருக்கிறது. ஆற்றின் வடகரையில் ஹைலிகென்பெர்க், அதாவது திருமலை, சுமார் 440 மீட்டர். தென்கரையில் கோனிக்ஷ்டூல், அதாவது அரசனின் ஆசனம், 568 மீட்டர். ஊரோ 114 மீட்டர் உயரத்திலேயே கிடக்கிறது. ஆகவே வீட்டு வாசலைத் தாண்டிக் காற்கல் தொலைவு சென்றால் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. நம்மூரில் மலையேறுவதற்கு இருப்பூர்தியில் இரவெல்லாம் பயணம் செய்ய வேண்டும். அங்கே பால் வாங்கப் புறப்பட்டவனும் மலையேறிவிடலாம்.

தொடக்கக்காரருக்கு ஆற்றங்கரையே ஏற்றது. வடகரையில் நெக்கர் புல்வெளி என்னும் நீண்ட பசுந்தரை உண்டு. மேடு பள்ளம் கிடையாது. முதல் வாரம் அதிலேயே என்னை நடத்தினாள் மகள். எதிர்க்கரைச் சாலையின் ஒரு பகுதிக்குக் கவிஞர் இக்பாலின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் 1907-இல் ஜெர்மன் மொழி பயில இவ்வூரில் தங்கியிருந்தார். நெக்கர் ஆற்றின் மாலைப்பொழுதைப் பின்னர்ப் பாட்டாகவும் இயற்றினார். பிறநாட்டு ஆற்றங்கரையில் நமக்குப் பழகிய ஒரு பெயரைக் கண்டதும், தெரிந்தவர் ஒருவரைச் சந்தையிற் சந்தித்தாற்போலிருந்தது.

இரண்டாம் வாரம் தத்துவஞானியர் வழி. இப்பெயரைக் கேட்டு மென்மையான பாதை என்று நம்பிவிடக் கூடாது. நோயன்ஹைம் பக்கமிருந்து ஏறினால் முதற் பகுதி செங்குத்து. எந்த ஞானியும் அங்கே பேச மாட்டான், மூச்சுத்தான் வாங்குவான். அதைக் கடந்தபின் பாதை மலையின் இடுப்பைச் சுற்றிச் சமமாகச் செல்கிறது. தெற்கு நோக்கிய சரிவு ஆதலின் வெயில் நன்கு படியும். குளிர்நாடாகிய ஜெர்மனியில் அத்தி மரமும் வாதுமையும் திறந்த வெளியில் வளர்வதை அங்கே காணலாம். கீழே ஆறு, பழம்பாலம், சிவந்த மணற்கல்லாலான கோட்டை. 1689-இலும் 1693-இலும் பிரெஞ்சுப் படைகள் அக்கோட்டையைப் பாழ்படுத்தின. செப்பனிட முற்பட்ட காலத்தில், 1764-இல், இடி விழுந்தது. பிறகு அவ்வண்ணமே விட்டுவிட்டார்கள். பாலத்தைமட்டும் விடவில்லை. 1945-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படையே அதைத் தகர்த்தது. 1947-க்குள் ஊரார் மீண்டும் கட்டிவிட்டனர். தத்துவஞானியர் வழியிலிருந்து அப்பாலத்துக்கு இறங்குவதற்குப் பாம்புப்பாதை என்று ஒன்று உண்டு. இருபுறமும் சுவர் சூழ்ந்து, வளைந்து வளைந்து, உருட்டுக்கல் பாவி இறங்குவது. மழை பெய்த மறுநாள் அதில் ஓடாதிருப்பது நலம்.

ஏறுவதைவிட இறங்குவதே காலுக்குக் கேடு என்பதை அங்கேதான் கற்றேன். ஏறும்போது மூச்சு திணறும், நின்றால் தீர்ந்துவிடும். இறங்கும்போதோ தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், வலி அன்று தெரியாது. இரண்டாம் நாள் மாடிப்படியில் இறங்கும்போது தெரியும். அடியைக் குறுக்கி வைக்க வேண்டும். ஏற்றத்தில் ஓட இயலாதபோது வெட்கமின்றி நடக்க வேண்டும்; பழகிய ஓட்டக்காரரும் அவ்வாறே செய்கின்றனர். என் போன்ற சர்க்கரை நோயாளர் பையில் சிறிது இனிப்பு வைத்திருப்பதும், வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிக் கொப்புளம் உண்டா என்று பார்ப்பதும் இன்றியமையாதன. உணர்ச்சி குன்றிய காலில் கொப்புளம் எழுந்தாலும் வலிப்பதில்லை என்பதே அபாயம்.

மற்றோர் எச்சரிக்கை உண்ணியைப் பற்றியது. ஆட்டு உண்ணியை நாமறிவோம். அக்காட்டுப் புல்லில் இருக்கும் உண்ணி மூளைக் காய்ச்சலையும் பரப்பக் கூடியது. அதற்குத் தடுப்பூசி உண்டு. அப்பகுதியில் வாழ்வோர் அதைப் போட்டுக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். மகள் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டறிந்த பின்னரே எனக்கு உறக்கம் வந்தது. தனியே ஒரு பெண் விடியுமுன் காட்டில் ஓடுவதா என்று தில்லியிலிருந்தபோது நான் வழக்காடியதுண்டு. காட்டினுள் இளைப்பாறுதற்பொருட்டு எவரும் புகலாம் என்பது அந்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம். காட்டின் உடைமையாளர் தனியாராயினும் தடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, கிழவிகளும் கைக்கோல்கள் ஊன்றி அந்நேரத்தில் நடக்கிறார்கள். எதிர்ப்படுவோர் எல்லாரும் காலை வணக்கம் சொல்லுகிறார்கள். என் வழக்குத் தோற்றது.

மூன்றாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை திருமலையில் ஏறினோம். பீச் மரங்களும் ஓக் மரங்களும் செறிந்த காடு. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பு கெல்தியர் எழுப்பிய இரட்டை மதிலின் எச்சம், இன்று கற்குவியலாகப் பாதையின் குறுக்கே கிடக்கிறது. உச்சியில் தூய மிக்கேல் மடத்தின் இடிபாடு. அதற்குச் சற்றுக் கீழே, மலைச்சரிவைக் குடைந்து கட்டிய மாபெரும் திறந்தவெளி அரங்கு. பார்த்தவுடன் கிரேக்கர் காலத்தது என்று எண்ணினேன். அன்று, நாஜிகள் கட்டியது, 1935-இல் கோயபல்ஸ் திறந்துவைத்தது. ஐந்தாண்டு கழித்து, 1940 அக்டோபர் 22 அன்று, பாடன் நாட்டு யூதர்களோடு இவ்வூர் யூதர்களையும் வண்டியேற்றிப் பிரான்சின் தென்கோடியிலிருந்த கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். இப்போது அப்படிகளில் இளைஞர் கடிகாரத்தைப் பார்த்தபடி ஏறியிறங்கிப் பயிற்சி செய்கிறார்கள். அது தகுமா தகாதா என்று எனக்குத் தீர்மானிக்கக் கூடவில்லை. நான் அப்படிகளில் ஏறவில்லை. பக்கத்துப் பாதையாகச் சென்றேன்.

மடத்து இடிபாட்டில் ஒரு கல்லின்மேல் அமர்ந்தபோது என் மூச்சு சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தது. மகள் சிறிது நேரம் என்னைப் பார்த்தாள்.

“அப்பா, ஒன்று சொல்ல வேண்டும். இங்கேயே நிரந்தரப் பணி கிடைத்துவிட்டது. கையெழுத்தும் இட்டுவிட்டேன். இரண்டு மாதமாகிறது. உங்களிடம் சொல்லத் துணிவு வரவில்லை.”

அவளைத் திரும்ப அழைத்துவரும் எண்ணத்தோடுதான் நான் சென்றிருந்தேன் என்பதை இங்கே மறைப்பதிற் பயனில்லை. அவள் தாய் மறைந்து நான்காண்டுகள். என் பெட்டியின் அடியில் இரண்டு ஜாதகப் பிரதிகள் இருந்தன. சொல்ல வேண்டியவற்றை விமானத்திலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் அவ்வேளையில் என் நினைவுக்கு வந்தது கும்பகோணம் ரயிலடி. 1982-இல் தில்லியில் வேலை கிடைத்து நான் புறப்பட்டபோது, என் தகப்பனார் சன்னலோரம் நின்றிருந்தார். “மூன்றே ஆண்டு, அப்பா. மாற்றல் வாங்கி வந்துவிடுவேன்” என்றேன். அவர் தலையசைத்தார். மாற்றலுக்கு நான் ஒரு விண்ணப்பங்கூட எழுதியதில்லை. என் மகளாவது அப்படிப்பட்ட வாக்கு எதையும் கொடுக்கவில்லை.

“நானும் ஒன்று சொல்ல வேண்டும், அம்மா,” என்றேன். “ஆறாண்டுகளாக நான் நடக்கவேயில்லை.”

“அது முதல் நாளே தெரிந்துவிட்டது, அப்பா,” என்றாள் அவள்.

மீதி வழியைப் பேசாமலே இறங்கினோம். கோபம் இல்லையென்று சொன்னால் அது பொய்யாகும். இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் நானே காலணியை அணிந்துகொண்டு வாசலில் நின்றேன்.

கடைசியாகக் கோனிக்ஷ்டூல். கோட்டையின் பக்கத்திலிருந்து உச்சிக்கு ‘வானத்து ஏணி’ என்றொரு படிவழி செல்கிறது; ஒழுங்கற்ற மணற்கற் படிகள், சுமார் 1200. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது நான்கு விரல் உயரம். நம் நாட்டு மலைக்கோயிற் படிகளை ஏறிப் பழகியவர் என்று வீரம் பேச வேண்டா. அங்கே கைப்பிடியும் இல்லை, நீர்மோர்ப் பந்தலும் இல்லை. ஏற இயலாதவர்க்கு மலையிருப்பூர்தி உண்டு. இடையில் மோல்கென்கூர் என்னுமிடத்தில் மாறி ஏற வேண்டும். மேற்பகுதியில் 1907-ஆம் ஆண்டைச் சேர்ந்த மரப்பெட்டிகளே இன்றும் இழுக்கப்படுகின்றன. 1878-இல் இவ்வூரில் தங்கிய மார்க் ட்வெய்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஐரோப்பாவைக் கால்நடையாகச் சுற்றப்போவதாகப் பறைசாற்றிவிட்டு, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் வண்டியேறிய கதையை நூலாகவே எழுதினார். நான் அவர் கட்சி. மகள் படிவழி ஓட, நான் பயணச்சீட்டு வாங்கினேன்.

உச்சியில் மேற்கே ரைன் சமவெளி விரிந்து, அதற்கும் அப்பால் பால்ட்ஸ் மலைகள் நீலக்கோடாகத் தெரிந்தன. இரண்டு கோப்பைக் காப்பி வாங்கிக் காத்திருந்தேன். ஒன்று ஆறிவிட்டது. படிவழியின் முகப்பில் முதலில் அவள் தலைமுடி தெரிந்தது; பிறகு முகம், செக்கச் சிவந்து.

“எத்தனை நிமிடம், அப்பா?” என்றாள், இடுப்பில் கைவைத்துக் குனிந்தபடி.

கடிகாரத்தைப் பார்க்க நான் மறந்துவிட்டிருந்தேன்.